பெர்மிட் காணி யாருக்குப் போகும்? 2022 திருத்தமும் நம் ஊர்க் குழப்பமும்

போன பெரும்போகம் தொடங்குகிற நேரம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா என்னைப் பார்க்க வந்திருந்தார். சீலைக்கடைப் பை ஒன்றுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். மடித்து மடித்து நான்கு துண்டாகக் கிழிந்து, செலோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகி, அதற்குமேல் லெமினேட் பண்ணிய பெர்மிட், அதாவது அரச காணிக்கான அனுமதிப் பத்திரம். தகப்பன் பெயரில் 2 ஏக்கர் வயல். "சேர், அப்பா இது எனக்குத்தான் எண்டு சொன்னவர், ஊரே அறியும்" என்றார்.

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். தகப்பனுக்குப் பிறகு காணிக்கு வர வேண்டிய ஆளின், அதாவது பின்னுரித்தாளரின், பெயர் பதிந்திருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"அப்பா எப்ப காலமானவர் அக்கா?"

"2019."

அந்த ஆண்டைக் கேட்டதும் எனக்கு மனம் கனத்துவிட்டது. அவருக்கோ ஒரே நம்பிக்கை. ஊரில் யாரோ, 2022 இல் சட்டம் மாறிவிட்டது, இனிமேல் பெண்பிள்ளைக்கும் பெர்மிட் காணியில் பங்கு என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் பொய் சொல்லவில்லை, பாதி மட்டும் சொல்லியிருக்கிறார். பாதி தெரிந்த சட்டம் எவ்வளவு அலைச்சலைக் கொடுக்கும் என்பதை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வாரம் வாரம் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். சட்டம் படிக்காதவருக்கும் விளங்க வேண்டும், இப்போதுதான் சட்டத் தொழிலுக்கு வந்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும் உதவ வேண்டும்.

லீசிங்கில் எடுத்த முச்சக்கரவண்டி

எங்கள் ஊரில் முச்சக்கரவண்டி லீசிங்கில் எடுக்காத தெரு இல்லை. வண்டி உங்கள் வாசலில் நிற்கும், நீங்கள்தான் ஓட்டுவீர்கள், உழைப்பு உங்களுக்கு, பெட்ரோலும் ரிப்பேரும் உங்கள் செலவு. ஆனால் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கும். கம்பனிக்குத் தெரியாமல் விற்க முடியாது. விற்றாலும் வாங்கியவர் பெயருக்குப் புத்தகம் மாறாது.

பெர்மிட் காணியும் ஏறத்தாழ இப்படித்தான். வெட்டித் துப்புரவாக்கியது உங்கள் அப்பா, வரம்பு கட்டியது அவர், யானைக்குக் காவல் இருந்தது அவர். எல்லாம் உண்மை. ஆனாலும் காணியின் உரித்து அரசிடம் இருக்கிறது. உங்கள் கையில் உள்ள பெர்மிட், "இன்ன நிபந்தனைகளோடு இந்தக் காணியில் இருந்து பயிர் செய்யலாம்" என்று அரசு எழுதித் தந்த அனுமதி.

ஒரு இடத்தில் மட்டும் இந்த ஒப்புமை பொருந்தாது. லீசிங் காசு கட்டி முடிந்தால் வண்டி முழுக்க உங்களுடையதாகிவிடும், பிறகு யாரையும் கேட்காமல் விற்கலாம். காணியில் அடுத்த படிக்கு ஏறினாலும் ஒரு கட்டு கூடவே வரும். அதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

பெர்மிட் வேறு, அளிப்பு வேறு, உறுதி வேறு

எங்கள் ஆட்கள் காணிக் கடதாசி எதைக் கண்டாலும் "உறுதி" என்று சொல்லிவிடுவார்கள். குழப்பத்தின் வேர் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

உறுதி என்பது தனியார் காணியை நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக் கைமாற்றுகிற ஆவணம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து இன்றுவரை, காணி விற்பனை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய உறுதியால்தான் செல்லும். உறுதிக்காணி உங்கள் சொந்தம். விற்கலாம், ஈடு வைக்கலாம், பிள்ளைக்குச் சீதனமாக எழுதலாம்.

பெர்மிட் என்பது 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிற முதல் படி. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி எல்டிஓ பெர்மிட் என்று கச்சேரி (மாவட்டச் செயலகம்) பாஷையில் சொல்வது இதைத்தான்.

அளிப்பு என்பது அதே சட்டத்தின் இரண்டாம் படி. பெர்மிட் நிபந்தனைகளை நிறைவேற்றி, கட்ட வேண்டியதைக் கட்டி முடித்தவருக்கு ஜனாதிபதியின் பெயரால் கொடுக்கிற பத்திரம். ஸ்வர்ணபூமி, ஜயபூமி என்று காலத்துக்குக் காலம் பெயர் மாறி வந்தது இதுதான். அளிப்புக் கிடைத்தவரைச் சட்டம் "உரிமையாளர்" என்றே அழைக்கிறது. ஆனால் கட்டு அவிழவில்லை: பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அந்தக் காணியை விற்கவோ நன்கொடையாக எழுதவோ முடியாது. எழுதினால் அந்த எழுத்து வெற்று, சட்டத்தின் கண்ணில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

இவற்றோடு ஆண்டுப் பெர்மிட் என்றும் ஒன்று இருக்கிறது. அது 1947 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருடா வருடம் புதுப்பிக்கிற தனி அனுமதி. நான் இங்கே வாரிசு பற்றிச் சொல்லப் போவது எதுவும் அதற்குப் பொருந்தாது. ஆகவே கையில் இருக்கும் தாளின் தலைப்பில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்பதை முதலில் வாசியுங்கள். 2024 இல் தொடங்கிய "உறுமய" திட்டத்தில் பத்திரம் கிடைத்தவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். மேடையில் பேசியது எதுவானாலும் பத்திரத்தில் எழுதியிருக்கும் நிபந்தனைதான் கணக்கு.

சுருக்கமாக: உறுதிக்காணி உங்களுடையது, பெர்மிட் காணி அரசினுடையது, அளிப்புக் காணி உங்களுடையதுதான் ஆனால் அரசின் கயிறு ஒன்று அதில் கட்டியிருக்கிறது. இனி அளிப்பு, பெர்மிட் இரண்டையும் சேர்த்து, ஊர் வழக்கப்படி "பெர்மிட் காணி" என்றே சொல்கிறேன்.

ஏன் இப்படிக் கட்டி வைத்தார்கள்?

இது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். 1920களின் இறுதியில் ஒரு காணி ஆணைக்குழு இருந்து, காணியற்ற விவசாயிக்கு முடிக்குரிய காணியைக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கொடுத்தால் என்ன நடக்கும் என்ற பயமும் கூடவே இருந்தது. ஒரு போகம் பிழைத்தால் கடன்காரனிடம் காணி போய்விடும். பிழைக்காவிட்டாலும், 5 ஏக்கரை 6 பிள்ளைகள் பிரித்து, அந்த 6 பேரின் பிள்ளைகள் மறுபடி பிரித்து, பேரன் காலத்தில் ஒரு வரம்பு அகலம்தான் மிஞ்சும். 1935 சட்டம் இந்த இரண்டு பயத்துக்கும் பூட்டுப் போட்டது. விற்க முடியாதபடி ஒரு பூட்டு, துண்டாட முடியாதபடி இன்னொரு பூட்டு. அப்போது விவசாய அமைச்சராக இருந்தவர் டி. எஸ். சேனநாயக்க.

1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் அணை எழும்பி, சேனநாயக்க சமுத்திரம் நிறைந்து, கொலனி கொலனியாக ஆட்களைக் குடியேற்றியபோது காணி வழங்கும் முறைக்குச் சட்டக் கூடாக இருந்தது இதுதான். அப்போது அம்பாறை தனி மாவட்டமில்லை, மட்டக்களப்போடு சேர்ந்திருந்தது, 1961 இல்தான் பிரிந்தது. அந்தக் குடியேற்றங்களின் அரசியல் பெரிய கதை, நோவு நிறைந்த கதை, இங்கே அதற்குள் போகவில்லை. சம்மாந்துறையிலும் நாவிதன்வெளியிலும் வெல்லாவெளியிலும் இன்று கையில் பெர்மிட் வைத்திருக்கிற குடும்பம் எந்த இனமானாலும், அதே 1935 பூட்டுக்குள்தான் இருக்கிறது.

ஆள் இறந்தால் காணி எங்கே போகும்?

உறுதிக்காணிக்காரர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் எங்கள் மாவட்டத் தமிழருக்கு 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும். துணைக்குப் பாதி, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் பேதம் இல்லை. தேசவழமை வடமாகாணத் தமிழருக்கு உரியது, எங்களுக்கு இல்லை. முஸ்லிம்களுக்கு 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டப்படி அவரவர் மத்ஹபின் வாரிசுமுறை. இதையெல்லாம் ஓரளவுக்கு எல்லோரும் அறிவார்கள்.

பெர்மிட் காணியில் இவை ஒன்றுமே ஓடாது. அபிவிருத்திச் சட்டத்தின் 170 ஆம் பிரிவு அதை நேராகவே சொல்கிறது: மரணசாசனமில்லாச் சொத்துரிமை பற்றிய வேறெந்தச் சட்டமும் இந்தக் காணிகளுக்குப் பொருந்தாது. "நாங்க 5 பேர் பிள்ளையள், ஆளுக்கு அஞ்சில ஒண்டு" என்று யாராவது கணக்குப் போட்டால், அந்தக் கணக்கு உறுதிக்காணிக்குரியது.

அப்போ யாருக்கு? ஈபிஎஃப் படிவத்தை நினைத்துப் பாருங்கள். வேலைக்குச் சேரும்போதே, நான் இல்லாமல் போனால் இந்தக் காசு இன்னாருக்கு என்று பெயர் எழுதிக் கொடுக்கிறோம். காணி அபிவிருத்திச் சட்டத்திலும் அப்படி ஒரு பெயர் எழுத இடம் இருக்கிறது. எழுதப்படும் ஆளுக்குப் பின்னுரித்தாளர் என்று பெயர், அதாவது பெர்மிட்காரருக்குப் பிறகு காணிக்கு வருவதற்காக அவர் உயிரோடு இருக்கும்போதே குறித்து வைத்த ஆள்.

வரிசை இப்படிப் போகும். முதலில் வாழ்க்கைத்துணை. மனைவியின் பெயரைப் பின்னுரித்தாளர் என்று எழுதாவிட்டாலும் அவர்தான் முதலில் வருவார். ஆனால் அளிப்புக் காணியில் அப்படி வருகிற மனைவியின் கையை 48ஆ பிரிவு கட்டிவைக்கிறது: அவர் இருந்து அனுபவிக்கலாம், விற்க முடியாது, தனக்குப் பிறகு யாரென்று பெயர் எழுதவும் முடியாது. இதைத் தெரியாமல் எத்தனை அம்மாமார் மகளுக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கண்மூடியிருக்கிறார்கள்! பெயர் எழுதுகிற உரிமை அப்பாவோடு போய்விட்டது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

துணை இல்லை, அல்லது துணையின் காலம் முடிந்தது என்றால் பின்னுரித்தாளர் வருவார். இங்கே ஒரு கண்டிப்பு இருக்கிறது. படிவத்தில் செய்த நியமனம், பெர்மிட்காரர் இறப்பதற்கு முன்பே காணிப் பதிவகத்தில் பதிந்திருக்க வேண்டும். படிவம் நிரப்பிக் கையெழுத்தும் வைத்து அலுமாரியில் பூட்டியிருந்தால் பயனில்லை. இறந்த அடுத்த நாள் கொண்டுபோய்ப் பதியவும் முடியாது.

பின்னுரித்தாளரும் இல்லையென்றால்? அப்போதுதான் சட்டம் தானாக ஒரு ஆளைத் தேடும். தேடுவதற்கு அதனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, மூன்றாம் அட்டவணை என்பார்கள். 2022 இல் மாறியது இந்தப் பட்டியல்.

ஒருக்கால் நிறுத்தி மூச்சு விடுவோம். பெர்மிட் காணி சாதாரண வாரிசுச் சட்டப்படி பிரியாது. முதலில் துணை, பிறகு உயிரோடு இருந்தபோது பெயர் எழுதிப் பதிந்த ஆள், அப்படி யாரும் இல்லாவிட்டால் மட்டும் மூன்றாம் அட்டவணை.

மூத்த மகன் எங்கிருந்து வந்தார்?

பழைய அட்டவணையின் வரிசை இது: மகன்மார், மகள்மார், பேரன்மார், பேத்திமார், தகப்பன், தாய், சகோதரர், சகோதரிகள், அதன்பிறகு மாமன் மாமிமார், மருமக்கள் (உடன்பிறந்தாரின் பிள்ளைகள்). ஒரு படியில் ஒரு ஆள் இருந்தாலே அடுத்த படிக்கு இறங்காது. ஒரே படியில் பலர் இருந்தால் வயதில் மூத்தவர். அதிலும் காணி ஒரே ஒருவருக்குத்தான் போகும். அப்படியென்றால் 4 மகளும் ஒரு மகனும் உள்ள வீட்டில், கடைசியாகப் பிறந்த அந்த மகனுக்கே முழுக்காணியும். மகள்மாருக்கு முறையே வராது.

இந்தச் சட்டம் எங்கள் ஊரில் வந்து விழுந்ததை யோசித்துப் பாருங்கள். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழரானாலும் முஸ்லிமானாலும் வீடு பெண்பிள்ளைக்கு. தகப்பன் வாழ்நாளெல்லாம் உழைப்பது மகளுக்கு ஒரு வீடு கட்டத்தான், கலியாணம் முடித்து மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார், ஆண்பிள்ளை போய் இன்னொரு வீட்டில் குடியேறுவார். குடி முறையும் தாய்வழியில் வருகிற ஊர்கள் இவை. பழைய முக்குவர் வழமை சட்டமாக இன்று நடைமுறையில் இல்லை, ஆனால் வழக்கமாக ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அப்படியான ஊரில் பெர்மிட் வளவுக்குள் தகப்பன் மகளுக்கு வீடு கட்டுகிறார், சொல்லாலே சீதனம் கொடுக்கிறார், பெயர் மட்டும் எழுதவில்லை. அவர் இறந்து, பின்னால் தாயும் இறந்தபிறகு, சட்டம் வந்து அந்த வீட்டு வளவின் சொந்தக்காரர் வேறு ஊரில் கலியாணம் முடித்து 20 வருடமாக இந்தப் பக்கம் வராத அண்ணன் என்று சொல்கிறது. ஊர் முழுக்க ஒரு வழக்கம், தாளில் வேறொரு வழக்கம். அண்ணன் நல்லவரானால் பிரச்சினை இல்லை. அண்ணன் நல்லவராக இருந்தாலும் அண்ணனின் மனைவி மக்களும் அப்படியே இருப்பார்கள் என்று யார் பொறுப்பு நிற்பது?

இன்னொன்றையும் இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய சட்டத்திலும்கூட மகளைப் பின்னுரித்தாளர் ஆக்கத் தடை இருக்கவில்லை. 1960 இலும் ஒரு தகப்பன் விரும்பினால் மகள் பெயரை எழுதியிருக்கலாம். ஆணுக்கு முன்னுரிமை என்பது, பெயர் எழுதாமல் இறந்துபோன வீடுகளில் மட்டும் வேலை செய்தது. ஆனால் பெயர் எழுதாத வீடுகள்தான் அதிகம். பெயர் எழுதினால் ஆயுள் குறையும் என்று பயந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். எழுதினால் மற்றப் பிள்ளைகள் கோபிப்பார்கள் என்று தள்ளிப்போட்டவர்கள் இன்னும் பலர்.

2022 இல் மாறியதும் மாறாததும்

2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க காணி அபிவிருத்தி திருத்தச் சட்டம், மகன்மார் ஒரு படி, மகள்மார் அதற்குக் கீழே ஒரு படி என்ற ஏற்பாட்டை எடுத்துவிட்டது. இப்போது பிள்ளைகள் என்றே ஒரு படி. பேரப்பிள்ளைகள், பெற்றோர், சகோதரர் என்று கீழே வருகிற படிகளிலும் ஆண் என்பதற்காக யாரும் முந்துவதில்லை. 1935 இலிருந்து 80 வருடத்துக்கும் மேலாக இருந்த ஒரு அநியாயம் நீங்கியது. பெண்கள் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்த மாற்றம் இது, மனதார வரவேற்கிறேன்.

மாறாதது எது? பெயர் எழுதிப் பதிவதன் பெறுமதி மாறவில்லை. மகன் பெயரைத் தகப்பன் சட்டப்படி எழுதிப் பதிந்திருந்தால், திருத்தம் வந்தது என்பதற்காக மகள் அதை உடைக்க முடியாது. சாதாரண வாரிசுச் சட்டம் பொருந்தாது என்ற 170 ஆம் பிரிவும் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் விற்க முடியாது என்பதும் அப்படியே. "இனிப் பெர்மிட் காணி பெண்பிள்ளைக்குத்தான்" என்று ஒரு பேச்சு ஊரில் உலாவுகிறது, அதுவும் பிழை. ஆண் என்பதால் முந்துகிற உரிமை போனது. அதன் இடத்தில் பெண் என்பதால் முந்துகிற உரிமை வரவில்லை.

அப்புறம் காலக் கணக்கு. எங்கள் நாட்டில் ஒரு திருத்தச் சட்டம், தான் பின்னோக்கியும் செல்வேன் என்று சொன்னால் ஒழிய, வந்த நாளிலிருந்து முன்னோக்கியே செல்லும். வாரிசு உரிமை பிறப்பது மரணத்தோடு. ஆகவே 2019 இல் நடந்த மரணத்துக்கு 2019 இல் இருந்த அட்டவணையைத்தான் பொதுவாகப் பார்க்க வேண்டியிருக்கும். என் மேசையில் லெமினேட் பெர்மிட்டை வைத்த அக்காவிடம் நான் முதலில் மரண ஆண்டைக் கேட்டது இதனால்தான்.

திரும்பச் சொன்னால்: திருத்தம் தொட்டது பெயர் எழுதாமல் இறந்தவர்களின் பட்டியலை மட்டும். அதிலும் திருத்தத்துக்குப் பிறகு நடந்த மரணங்களைத்தான் அது நேராகத் தொடும்.

ஆறு மாதம்

இது சின்ன விஷயம்போலத் தெரியும். துணையோ பின்னுரித்தாளரோ, மரணம் நடந்து ஆறு மாதத்துக்குள் காணியில் உடைமை எடுக்க வேண்டும் என்கிறது 68 ஆம் பிரிவு. எடுக்காவிட்டால் அவர் பின்னுரித்தில் தவறியவர் ஆகிவிடுவார். ஏறாவூரிலும் வாகரையிலும் எத்தனை மகள்மார் குவைத்திலும் சவூதியிலும் வேலை செய்கிறார்கள்! ஒப்பந்தம் முடியாமல் வரவும் முடியாது. அப்படியானவரின் பெயர் எழுதியிருந்தால், மரணம் நடந்த உடனே பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவித்து, அவர் சார்பில் ஒருவர் காணியைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்து, கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து வாயால் சொல்வதைவிட அந்த முத்திரை பேசும்.

சத்தியக்கடதாசியில் வாங்கிய காணி

பெர்மிட் காணியை வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பேசுவேன். சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி, இரண்டு சாட்சி, பெர்மிட்டின் மூலப்பிரதி கைக்கு வந்துவிட்டது, காசும் கைமாறியாச்சு. வாங்கியவருக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை. சத்தியக்கடதாசியால் உறுதிக்காணியே கைமாறாது, பெர்மிட் காணி எப்படி மாறும்? பத்து வருடம் இருந்துவிட்டால் ஆட்சியுரிமை வந்துவிடும் என்பார்கள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தில் வருகிற பத்து வருடக் கணக்கு தனியார் காணிக்கு. அரசுக்கு எதிராக அது ஓடாது, இந்தச் சட்டத்தின் கீழ் வழங்கிய காணியிலும் ஓடாது. இருபது வருடம் இருந்து தென்னை வைத்துக் கிணறு கட்டியவரும் பழைய பெர்மிட்காரரின் பிள்ளை வந்து நிற்கும் நாளில் தலையில் கைவைக்கத்தான் வேண்டும்.

அரசு நேராக வெளியேற்ற வந்தால் இன்னும் இறுக்கம். 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணி ஆட்சி மீட்புச் சட்டத்தின் கீழ் விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்கு வரும். அங்கே காட்டக்கூடியது ஒன்றே ஒன்று: செல்லுபடியான பெர்மிட் அல்லது எழுத்து மூலமான அதிகாரம். எவ்வளவு காலம் இருந்தோம், எவ்வளவு செலவழித்தோம் என்பது அந்த நீதவானின் கையில் இல்லாத விஷயம்.

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு

காணி வழக்கு என்றதும் வழக்கெழுத்தைத் தொடங்கிவிடாதீர்கள். பிரதேச செயலகத்தில் அந்தக் காணிக்கு ஒரு பேரேட்டுப் பக்கம் இருக்கும், அதை முதலில் பாருங்கள். கட்சிக்காரர் கொண்டுவருகிற தாளைவிட அந்தப் பக்கம் அதிகம் சொல்லும். 1978 நவம்பர் சூறாவளியிலும், பிறகு இடப்பெயர்விலும், 2004 சுனாமியிலும் வீட்டிலிருந்த கடதாசிகள் போன குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம். அவர்களுக்குப் பேரேடும் காணிப் பதிவகத்துப் பதிவும்தான் கடைசிப் பிடி. பின்னுரித்தாளர் பெயர் தாளில் இல்லாவிட்டாலும் பதிவகத்தில் இருந்த சந்தர்ப்பம் உண்டு, அதனால் பதிவகத்தில் தேடாமல் "நியமனம் இல்லை" என்று கட்சிக்காரருக்குச் சொல்லிவிடாதீர்கள்.

மரணச் சான்றிதழை முதல் நாளே கேளுங்கள். எந்த அட்டவணை, ஆறு மாதம் எப்போது முடிந்தது, நியமனப் பதிவு மரணத்துக்கு முன்னா பின்னா, எல்லாம் அந்த ஒரு திகதியில் தொங்குகிறது.

பிள்ளைகள் சேர்ந்து வந்து பாகப்பிரிவினை வழக்குப் போடச் சொன்னால், முதலில் அவர்கள் கூட்டு உரிமையாளர்களா என்று உங்களையே கேளுங்கள். 170 ஆம் பிரிவு இருக்கும்போது பிள்ளைகள் என்பதால் மட்டும் அவர்கள் கூட்டு உரிமையாளர் ஆகமாட்டார்கள். பிரிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் வழக்குப் போட்டு ஐந்தாறு வருடம் கழித்துத் தள்ளுபடியாவது, ஏழைக் குடும்பத்துக்கு நாம் செய்கிற பெரிய பாவம்.

சட்டப் புத்தகத்தில் அரசாங்க அதிபர் என்று வாசித்துவிட்டுக் கச்சேரிக்கு ஓடாதீர்கள். 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அந்த அதிகாரம் நடைமுறையில் பிரதேச செயலாளரிடம். அதேபோல அரச காணியிலிருந்து வெளியேறும் அறிவித்தலை எதிர்த்து எழுத்தாணை (ரிட்) கேட்பதென்றால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போய்ப் பயனில்லை. 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் சோலைமுத்து ராசு வழக்கில் அதைத் தீர்த்து வைத்தது. கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். படுவான்கரையிலிருந்து வருகிற ஒரு விவசாயிக்குக் கொழும்பு என்பது எவ்வளவு தூரம், எவ்வளவு செலவு என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் அறிவித்தல் வரும் முன்னரே, பெர்மிட்டை ரத்துச் செய்ய விசாரணைக்கு அழைக்கும்போதே, அவரோடு போய் நில்லுங்கள். அந்த விசாரணையில் கிடைப்பது பிறகு எந்த நீதிமன்றத்திலும் அவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

நொத்தாரிசாக இருப்பவர்கள்: உறுதியின் அட்டவணையில் விவரித்த காணி எல்டிஓ காணியா என்று பாராமல் உறுதி எழுதிவிடாதீர்கள். சம்மதக் கடிதம் கையில் இல்லாமல் அத்தாட்சிப்படுத்தவே கூடாது.

அந்த அக்கா

அவருடைய அண்ணன் வேறு மாவட்டத்தில் இருக்கிறார், பழைய அட்டவணைப்படி அவர்தான் வருவார். தாயோ தகப்பனுக்கு முன்பே காலமானவர். 2022 திருத்தம் உங்களுக்கு நேராக உதவாது என்று சொன்னபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணன் கெட்டவர் இல்ல சேர், கேட்டா எழுத்தில தருவார்" என்றார். அப்படியானால் அவர் வந்து காணி வேண்டாம் என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுக்கட்டும், விசாரணையில் அதை வைத்துப் பேசலாம் என்று வழி சொன்னேன். அண்ணன் வந்தார், கடிதம் கொடுத்தார். விசாரணை இன்னும் முடியவில்லை.

எழும்பிப் போகும்போது வாசலில் நின்று திரும்பிக் கேட்டார்: "சேர், எங்கட மனிசனுக்கும் ஒரு பெர்மிட் இருக்கு, மேட்டுக்காணி. அதிலயும் ஒருத்தற்ற பேரும் எழுதேல்ல. எங்களுக்கு ரெண்டு பொம்பிளப் பிள்ளையள், ஒரு பொடியன். மூத்தவள்தான் எங்களோட இருக்கிறவள். என்ன செய்யிற?"

இருவருமாகப் பேசி முடிவெடுங்கள், கணவரின் அடையாள அட்டையும் பெர்மிட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த பொதுமக்கள் நாளில் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பின்னுரித்தாளர் நியமனப் படிவம் கேளுங்கள், பதிவகத்தில் பதிந்து முடிந்ததா என்று ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போய்ப் பாருங்கள், அந்தப் பெர்மிட்டை மட்டும் லெமினேட் பண்ணாதீர்கள், அதில் இனித்தான் எழுத வேண்டியிருக்கிறது என்றேன். அந்த வாரமே போனார்களாம்.